விக்டோரியா காலத்துக் கூண்டுப் பாவாடை: சிறையா, வசதியா?

கேள்வி | மே 4, மாலை 6.20

படத்தில் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது. இடுப்பை இறுக்கும் கார்செட், வாசலில் நுழையாத கூண்டுப் பாவாடை. விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான இங்கிலாந்து உடை முழுக்கவே, பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைக்க ஆண்கள் செய்த ஏற்பாடு என்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மே 4, இரவு 10.05

நான் மறுக்கிறேன் தம்பி, ஆனால் பாதிதான்.

நாகர்கோவில் பக்கம் 26 வருடமாகப் பெண்களுக்குத் துணி தைக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரியில் ஆங்கில நாடகம் போட்டார்கள். கதை நடப்பது 1860-இல், லண்டனில். ஆறு உடை வேண்டும் என்று வந்தார்கள். பழைய படங்களைப் பார்த்து, அந்தக் கூண்டையும் நானே கட்டினேன். அப்போது அவர்கள் போட்டது எஃகுக் கம்பி வளையம். எனக்குக் கிடைத்தது தோட்டத்தில் சொட்டுநீர் பாய்ச்சப் போடும் கருப்புக் குழாய். ஐந்து வளையம், மேலிருந்து கீழே வர வர அகலமாக, எட்டு நாடாவில் தொங்கவிட்டுத் தைத்தேன். கடைசி வளையத்தின் சுற்றளவு மூன்றரை மீட்டர்.

கொடுப்பதற்கு முன் நானே போட்டுப் பார்த்தேன். நானும் உங்களைப் போலத்தான், சிறை என்று நினைத்துத்தான் போட்டேன். போட்டதும் திகைத்துப்போனேன். காலில் எதுவுமே தட்டவில்லை. புடவை கட்டினால் முன்கொசுவம் காலைத் தடுக்கும், நடை அதற்கேற்பச் சுருங்கும். இதில் எட்டி வைத்து நடக்கலாம். உள்ளே காற்று ஓடுகிறது. கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை நடந்தேன்.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. எஃகுக் கூண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1856-இல். அதற்கு முன்னாலும் பாவாடை அகலமாகத்தான் இருந்தது. அந்த அகலத்துக்காக ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு உள்பாவாடை கட்டினார்கள், கஞ்சி போட்டு விறைப்பாக்கியது, குதிரைமயிர் கலந்து நெய்தது என்று. அத்தனை பாரமும் இடுப்பிலேயே தொங்கும். மழைநாளில் ஓரம் நனைந்தால் இன்னும் கனக்கும். அந்தச் சுமையை இறக்கி வைத்தது கூண்டு. இவ்வளவு வேகமாக அது பரவியதற்கு ஃபேஷன் ஒரு காரணம், இடுப்பு வலி இன்னொரு காரணம்.

மே 5, காலை 6.40

ராத்திரி விட்டுப்போனது. இந்தக் கூண்டைத்தான் கிரினோலின் என்பார்கள். ஆனால் அது முதலில் கூண்டின் பெயரே இல்லை. பிரெஞ்சில் குதிரைமயிருக்குக் "க்ரின்", ஆளிநார்த் துணிக்கு "லின்". இரண்டும் கலந்த விறைப்பான துணிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பின்னால் எஃகுக் கூண்டு வந்து பெயரையும் எடுத்துக்கொண்டது. பழைய எழுத்துகளில் 1840-களிலேயே கிரினோலின் என்ற சொல் வருகிறதே என்று குழம்ப வேண்டாம்.

மே 5, இரவு 11.30

வசதி வசதி என்று எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. நாடகத்தன்று நடந்ததையும் சொல்ல வேண்டும்.

விழா தொடங்கும்போது மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏற்றிய விளக்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு நாடகம் ஆரம்பித்தது. முதல் காட்சியிலேயே கதாநாயகி வேகமாகத் திரும்பினாள். அவள் திரும்பி நின்ற பிறகும் கூண்டு நிற்காமல் ஒரு சுற்று வீசியது. பாவாடை ஓரம் திரிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவே இல்லை. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்குக் கைகால் ஓடவில்லை. காட்சி முடியும் வரை காத்திராமல் உள்ளே போய் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தையல்காரியாக அன்று எனக்குப் புரிந்தது இதுதான். நாம் சாதாரணமாக உடுத்தும் துணி உடம்போடு ஒட்டிக் கிடக்கும், அதன் ஓரம் எங்கே இருக்கிறது என்று தோலுக்குத் தெரியும். கூண்டின் ஓரம் தோலிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. எதில் பட்டாலும் தெரியாது. தெரியும்போது உள்ளே இருக்கும் அந்தக் காற்றே, நான் நேற்றுப் புகழ்ந்த அதே காற்று, அடுப்புக்கு ஊதுகுழல் மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு வீட்டுக்கு வீடு திறந்த கணப்பு, மெழுகுவத்தி, வாயு விளக்கு. மேலே போட்டது மெல்லிய பருத்தி மஸ்லின்.

அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் மனைவி பிரான்சிஸ் 1861 ஜூலையில் வீட்டுக்குள்ளேயே உடையில் தீப்பிடித்து மறுநாள் இறந்தார். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் அப்பாவுக்கு வேறொரு உறவில் பிறந்த மகள்கள் இருவர், 1871-இல் அயர்லாந்தில் ஒரு நடன விருந்தில் இதேபோல். ஒருத்தியின் உடை பற்றியது, அணைக்க ஓடிய மற்றவளையும் தீ பிடித்தது. 1863 டிசம்பர் 8-ஆம் தேதி சிலி நாட்டின் சாந்தியாகோவில் ஒரு தேவாலயம் எரிந்தபோது இறந்தவர்கள் 2,000-க்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். வாசலை நோக்கி ஓடியவர்களின் அகலப் பாவாடைகள் ஒன்றோடொன்று சிக்கியதும் ஒரு காரணம் என்று அப்போதே எழுதினார்கள்.

மே 6, மதியம் 1.50

"அப்போ தீ விபத்துக்குப் பயந்துதான் கைவிட்டார்களா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. இத்தனை சாவுக்கும் பிறகு இன்னும் சில வருடம் போட்டார்கள். 1860-களின் கடைசியில் முன்பக்கம் தட்டையாகி, துணி முழுக்கப் பின்னால் போய், 1870-களில் பின்பக்கம் மட்டும் மேடாகத் தூக்கிக் காட்டும் உடை வந்தது. பயம் மாற்றவில்லை, ஃபேஷன்தான் மாற்றியது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

மே 8, இரவு 9.45

கார்செட் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் விலா எலும்பை அறுத்து எடுத்தார்கள் என்ற கதையை விட்டுவிடுங்கள். லிஸ்டர் என்ற மருத்துவர் கிருமிநாசினி முறையைக் கொண்டுவந்ததே 1860-களில். அதற்கு முன் கையில் சின்ன அறுவை சிகிச்சை செய்தாலே சீழ் பிடித்துச் செத்தார்கள். அழகுக்காக நெஞ்சைத் திறந்திருப்பார்களா? பதினாறு அங்குல இடுப்பு என்பதும் பெரும்பாலும் விளம்பரமும் வீம்பும். அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்செட்டை அளந்துவிட்டு அதுதான் இடுப்பளவு என்று சொல்லக் கூடாது. பின்னால் கயிறு கட்டும் இடத்தில் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். நம் ரவிக்கையை ஊக்கு மாட்டாமல் விரித்து அளந்தால் சரியாக வருமா?

எல்லாரும் படத்தில் பார்ப்பது என்ன? சீமாட்டி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வேலைக்காரி முதுகில் முழங்காலை ஊன்றி இழுப்பாள். ஆனால் 1829-இல் பாரிஸில் ஜோசலான் என்ற ஆள் முன்பக்கம் இரண்டாகத் திறக்கும் உலோகப் பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். நூற்றாண்டின் நடுவில் அது எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. முன்னால் கொக்கியை மாட்டி, கயிற்றைத் தானே இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், ஆள் வேண்டாம். ஆகவே வேலைக்காரி வைத்துக்கொள்ள முடியாத பெண்ணும் போட்டாள், வேலைக்காரியே போட்டாள். மார்க்கெட் ஹார்பரோ ஊரில் சிமிங்டன் ஆலை 1890 வாக்கில் "அழகிய பணிப்பெண்" என்ற பெயரில் வீட்டுவேலைப் பெண்களுக்கென்றே மலிவான, உறுதியான கார்செட் விற்றது. தரை துடைப்பவளும் வாளி தூக்குபவளும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

திமிங்கல வாய்த் தகட்டுக்குப் பதிலாக மின்சாரக்காரர்கள் கட்டும் பிளாஸ்டிக் டை-களை வைத்து நாடகத்துக்கு இரண்டு தைத்தேன். ஒத்திகையில் அளவாகக் கட்டியவள் ஆடினாள், பாடினாள், முதுகு நேராக நிற்கிறது அக்கா, கூண்டின் பாரம் இடுப்பில் வெட்டவில்லை என்றாள். இன்னொருத்தி, படத்தில் இருக்கும் இடுப்பு வேண்டும் என்று தோழியை விட்டு இறுக்கச் சொன்னாள். பத்து நிமிடத்தில் பேச முடியவில்லை, சிரித்தால் மூச்சு பாதியில் நின்றது. ஒரே துணி, ஒரே அளவு, ஒரே தையல். வேறுபாடு கயிற்றில்.

மே 8, இரவு 10.20

அந்தக் கடைசி வரி போதாது. இன்னும் இறுக்கு என்று சொன்னது அந்தப் பெண்ணே என்றாலும், அந்த இடுப்பை அவளுக்குக் காட்டியது யார்? 1840-இலும் பத்திரிகைப் படம் இருந்தது. தம்பி சொன்னதில் அந்த இடம் சரிதான். ஏழெட்டு வயதுச் சிறுமிக்கும் சின்ன அளவில் கார்செட் போட்டார்கள். அந்தக் குழந்தை எந்தக் கயிற்றைத் தளர்த்த முடியும்?

மே 9, இரவு 12.10

பாளையங்கோட்டை டீச்சர் கேட்ட கேள்வி நேற்று முழுக்க மனதில் ஓடியது. "போட்டவளைப் பற்றியே பேசுகிறோம். தைத்தவள்?"

மேரி ஆன் வாக்லி. வயது 20. லண்டன் ரீஜன்ட் தெருவில் அரச குடும்பத்துக்குத் தைக்கும் பெரிய கடையில் வேலை. 1863-இல் பட்டத்து இளவரசருக்கு மனைவியாக டென்மார்க்கிலிருந்து அலெக்சாண்ட்ரா வந்தார். அவரைக் கௌரவிக்க ஒரு நடன விருந்து. சீமாட்டிகளின் உடைகள் நேரத்துக்குத் தயாராக வேண்டும். அந்த ஜூன் மாதம் மேரி ஆன் இருபத்தாறரை மணி நேரம் விடாமல் தைத்தாள். கூட 60 பெண்கள், ஒரு அறைக்கு முப்பது பேர், காற்று போதாது. இரவில் காற்றில்லாத தடுப்புக்குள் ஒரு படுக்கையில் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை நோயில் விழுந்தாள், ஞாயிற்றுக்கிழமை செத்தாள். நெரிசலான அறையில் நீண்ட நேர வேலை என்று மருத்துவர் சாட்சி சொன்னார். லண்டன் பத்திரிகைகள் எழுதின. கார்ல் மார்க்ஸ் தன் "மூலதனம்" நூலில் அவள் பெயரைக் குறித்து வைத்ததால் இன்றும் நமக்குத் தெரிகிறது. பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேரோ.

இதை எழுதும்போது என் பத்தொன்பது வயது ஞாபகம் வருகிறது. வேறு ஊரில் ஒரு பெரிய தையல் கடையில் உதவியாளாக இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விடிய விடியத் தைப்போம். ஓரம் மடிக்கிற வேலை, கொக்கி வைக்கிற வேலை எங்களைப் போன்ற பெண்களுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி விரலில் ஏறினால், ரத்தம் துணியில் படக் கூடாதே என்றுதான் முதலில் பதறுவோம். பட்டால் துணி விலையைக் கூலியில் பிடிப்பார்கள். அந்த வருடம் பொங்கல் வரைக்கும் எனக்குக் கூலி வரவில்லை. அந்தக் கடையின் பெயரை எழுத விரும்பவில்லை.

லண்டனிலும் இப்படித்தான் "சீசன்" என்று ஒன்று. சீமாட்டிகள் கிராமத்து மாளிகையிலிருந்து நகரத்துக்கு வந்து விருந்தாடும் மாதங்கள். அந்த மாதங்களில் தூக்கம் கிடையாது. மற்ற மாதங்களில் வேலை கிடையாது.

ஆகவே கேள்வியையே மாற்றுகிறேன். உடை ஒருத்தியைச் சிறை வைத்ததா என்று மட்டும் கேட்டால், அந்த உடைக்குள் இருக்கும் இன்னொருத்தியைப் பார்க்கவே மாட்டோம்.

மே 9, மாலை 5.00

தையல் மெஷின் வந்ததே, வேலை குறையவில்லையா? அமெரிக்காவில் ஹோவ் 1846-இலும் சிங்கர் 1851-இலும் காப்புரிமை வாங்கினார்கள். 1856-இலிருந்து சிங்கர் தவணையில் விற்றார்கள். நீளத் தையல் நிமிடத்தில் முடிந்தது, உண்மை. மிச்சமான நேரம் தைத்தவளுக்கு வரவில்லை. உடையில் வேலை கூடியது. 1870-களின் உடைப் படங்களைப் பாருங்கள். மடிப்புக்கு மேல் மடிப்பு, சுருக்குக்கு மேல் சுருக்கு, ஒரே பாவாடையில் பல மீட்டர் நீளத்துக்கு வரிசையாகச் சுருக்குப் பட்டி. கையால் தைக்கிற காலத்தில் யாரும் அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள். ஓவர்லாக் மெஷின் வந்த பிறகு என் கடையில் நடந்ததும் இதுதான்.

என் அம்மா மிதித்த சிங்கர் மெஷினில், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது என்று எழுதியிருக்கும். அந்த ஆலை 1885-இல் வந்தது. மெஷின் இன்னும் ஓடுகிறது.

மே 11, இரவு 8.30

இன்று கடையில் ஒரு கல்லூரிப் பெண். "அக்கா, சுடிதாருக்கு ரெண்டு பக்கமும் பாக்கெட், போன் வைக்கிற மாதிரி ஆழமா." வாரத்துக்கு இருபது பேராவது கேட்கிறார்கள். விக்டோரியா காலப் பெண்ணிடம் பாக்கெட் இருந்தது! இடுப்பில் தனியாகக் கட்டிக்கொள்ளும் பை இருந்தது, நம் பாட்டிமாரின் சுருக்குப்பை மாதிரி. கூண்டுப் பாவாடைக் காலத்தில் தையலோடு சேர்த்து உள்ளே வைத்தார்கள். அவ்வளவு அகலத்துக்குள் ஒரு பெரிய கைப்பை அளவுக்குப் போகும், வெளியே தெரியாது. 1870-களின் கடைசியில் உடை உடம்போடு ஒட்டி மெலிந்தபோது வைக்க இடமில்லை. சிலர் பின்பக்க மடிப்புக்குள் வைத்தார்கள். உட்கார்ந்தால் அதன் மேலேயே உட்கார வேண்டும், திருடனுக்குச் சுலபம்.

பாக்கெட்டில் இருந்த பணம் யாருடையது என்பதுதான் இன்னும் பெரிய விஷயம். இங்கிலாந்தில் வாக்குரிமைக்காகப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டின் பணப்பையை ஒரு பையன் பறித்தான், பிடிபட்டான். நீதிமன்றத்தில் வாசித்த குற்றப்பத்திரத்தில், அந்தப் பையும் அதிலிருந்த 1 பவுண்டு 18 ஷில்லிங் 6 பென்சும் "ஹென்றி ஃபாசெட்டின் சொத்து" என்று இருந்தது. ஹென்றி அவர் கணவர். திருமணமான பெண்ணின் கையிலிருக்கும் பொருள் எல்லாம் சட்டப்படி கணவருடையது. பணப்பை மட்டுமா, உடுத்தியிருந்த உடையும்தான். 1870-இல் வந்த சட்டம் அவள் சம்பாதித்த கூலியை அவளுக்குக் கொடுத்தது. 1882-இல் வந்த சட்டம்தான் சொத்து முழுவதையும் அவள் பெயரில் வைத்துக்கொள்ள விட்டது.

தம்பி, கூண்டைத் தேடிக்கொண்டிருந்தீர்களே, அது இங்கே இருந்தது. பாவாடையைக் கழற்றிப் போட்டாலும் இதைக் கழற்ற முடியாது.

மே 12, காலை 7.15

ஆண்கள் உடை பற்றிக் கோவை அண்ணன் கேட்டது. அதில் எனக்கு ஈடுபாடு குறைவு, ஒரு வரியில் முடிக்கிறேன். பிரபுவிலிருந்து குமாஸ்தா வரை கருப்புக் கோட்டு. நிறமெல்லாம் பெண்கள் பக்கம் போய்விட்டது.

மே 12, இரவு 9.00

நிறம் என்று எழுதியதும் நிறுத்த முடியவில்லை.

1856-இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்ய முடியுமா என்று வீட்டு ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். குவினைன் வரவில்லை. கருப்புக் கசடு வந்தது. அதைச் சாராயத்தில் கரைத்தால் ஊதா. பட்டில் தோய்த்தால் துவைத்தாலும் போகவில்லை. மூலப்பொருள், வாயு விளக்கு எரிக்க நிலக்கரியைச் சுட்டபின் மிஞ்சும் தார். இதற்கு மோவ் என்று பெயர் வந்தது. 1858 ஜனவரியில் மூத்த மகள் திருமணத்துக்கு ராணி இந்த நிறத்தில் உடுத்தினார். அடுத்த வருடம் லண்டன் தெருவெல்லாம் ஊதா. இதற்கு முன் நல்ல ஊதா என்றால் காசுள்ளவர்களுக்குத்தான். இப்போது கடையில் வேலை செய்யும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை அதே நிறத்தில் போகலாம். வேலைக்காரி யார், எஜமானி யார் என்று தெரியவில்லை என்று எஜமானிகள் புலம்பினார்கள். எனக்குப் பிடித்த மாற்றம் இது.

ஆனால் பச்சை? அது ஆர்சனிக் என்ற நஞ்சு. 1861 நவம்பரில் மட்டில்டா ஷூரர் என்ற பத்தொன்பது வயதுப் பெண் லண்டனில் இறந்தாள். தொப்பியிலும் தலையிலும் சூடும் செயற்கை இலைகளில் பச்சைப் பொடி தூவுவது அவள் வேலை. நகம் பச்சை, கண்ணின் வெள்ளை பச்சை, வாந்தியும் பச்சை. சூடிக்கொண்டவளுக்கு அரிப்போடு போயிற்று.

நம் பக்கத்துக்கும் ஒரு அடி விழுந்தது, கொஞ்சம் தாமதமாக. 1897-இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு தென்னார்க்காட்டு அவுரி சாகுபடி சரிந்தது.

மே 15, இரவு 11.00

இன்று எழுத நினைத்தது லேஸ். 1840 பிப்ரவரி 10-ஆம் தேதி திருமணத்தில் வெள்ளைச் சாட்டின் உடுத்திய முதல் மணப்பெண் விக்டோரியா. உடைமேல் போட்ட லேஸ் டெவன் மாவட்டத்தின் ஹானிட்டன் வகை. பீர் என்ற கடற்கரைக் கிராமத்தில் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் 1839-இல் எட்டு ஒன்பது மாதம் உட்கார்ந்து செய்தது. அப்போது மெஷின் லேஸ் வந்து கைவேலைப் பெண்கள் பட்டினியில் இருந்தார்கள். அவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்றே ராணி அதைத் தேர்ந்தெடுத்தார். உடையில் எடுத்த ஒரு முடிவு ஒரு கிராமத்துக்குச் சோறு போட்டது.

இதே கைவேலை எங்கள் ஊரில் இருக்கிறது! 1820-களில் லண்டன் மிஷன் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. உருட்டுத் தலையணைமேல் மாதிரித்தாளை வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகளை இடம் வலம் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. என் அம்மா செய்வாள். குச்சிகள் மோதும் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. ஒரு நாள் முழுக்கப் போட்டால் சில அங்குலம் வரும்.

இதை எழுதும்போது இன்னொன்றை எழுதாமல் விட எனக்கு மனம் வராது. கிரினோலின் மிக அகலமாக இருந்த வருடம் எது என்று கேட்டால் 1858, 1859 என்பேன். லண்டனில் ஒருத்தியின் பாவாடைக்குள் அத்தனை துணி. அதே 1859 தொடக்கத்தில், தெற்குத் திருவிதாங்கூரில், அதாவது எங்கள் மண்ணில், நாடார் பெண்கள் தோளில் ஒரு சீலை போட்டதற்காகச் சந்தையிலும் தெருவிலும் அதை இழுத்துக் கிழித்தார்கள். வீடுகள் எரிந்தன. திருவிதாங்கூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ காலத்திலேயே கிறிஸ்தவரான பெண்களுக்குக் குப்பாயம், அதாவது சட்டை போன்ற மேலாடை, அணிய அனுமதி வந்தது. 1829-இல் வந்த அரசாணையோ, குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்கள் போலத் தோள்சீலை கூடாது என்றது. சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆணையிட்டார். அதிலும் ஒரு கொக்கி இருந்தது, "மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது" என்று.

ஒருத்தி எதை உடுத்தினாள் என்பதைவிட, யாரைப் போல உடுத்தினாள் என்பதுதான் அவர்களை அவ்வளவு கோபப்படுத்தியது. இங்கே தோள்சீலை, அங்கே வேலைக்காரியின் மோவ் கவுன். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. அங்கே முணுமுணுப்பு, இங்கே அரசாணையும் அடியும். என் பாட்டி ரவிக்கையின் கடைசிக் கொக்கி வரை மாட்டாமல் வீட்டு வாசலுக்கு வர மாட்டாள். வெயிலில் ஏன் பாட்டி என்று கேட்டால், "இது சும்மா வந்ததில்ல மக்களே" என்பாள். அப்போது எனக்குப் புரியவில்லை.

மே 16, காலை 9.30

திருத்தம். வெள்ளையில் மணமுடித்த முதல் மணப்பெண் விக்டோரியா என்று எழுதியது தப்பு. ஸ்காட்லாந்து ராணி மேரி 1558-லேயே வெள்ளையில் மணந்தார். டீச்சர் சுட்டிக்காட்டினார், நன்றி. விக்டோரியாவுக்குப் பிறகு அது பரவியது என்பதுதான் சரி. உடனேயும் இல்லை. சாதாரண வீட்டுப் பெண்கள் பல வருடம் வரை, பிறகும் உடுத்தக்கூடிய நிறத்தில்தான் கல்யாண உடை தைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் வெள்ளைப் புடவையும் தலையில் நெட்டும் அந்த வழியில் வந்தவைதான். மற்றதெல்லாம் நேற்று எழுதியபடியே.

மே 19, இரவு 10.15

கருப்பு. 1861 டிசம்பர் 14-இல் ஆல்பர்ட் இறந்ததிலிருந்து 1901-இல் தான் சாகும் வரை ராணி கருப்புதான். நாற்பது வருடம். நாடே அதைப் பார்த்தது. கைம்பெண் முதல் ஒரு வருடமும் ஒரு நாளும் கிரேப் போர்த்திய பளபளப்பில்லாத கருப்பு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிரேப்பைக் குறைத்து, கடைசி ஆறு மாதம் சாம்பலோ இளஊதாவோ. மொத்தம் இரண்டரை வருடம் வரை போகும். மனைவியை இழந்தவருக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. எப்போதும் போடும் கருப்புக் கோட்டோடு ஒரு பட்டி. கிரேப் என்பது சுருங்கிய பட்டு, மழைத்துளி பட்டால் பாழ், வியர்வை பட்டால் சாயம் தோலில் இறங்கும். ரீஜன்ட் தெருவில் துக்க உடைக்கென்றே 1841-இல் ஜேஸ் என்ற பெரிய கடை திறந்தார்கள். எசெக்ஸில் கோர்ட்டால்ட் ஆலை கிரேப்பிலேயே பெரும் பணம் பார்த்தது. அதே ஆலை 1860-இல் தன் வேலைப் பெண்களுக்கு அறிவிப்பு ஒட்டியது: கிரினோலின் போட்டு வேலைக்கு வரக்கூடாது. ஆலைப் பெண்ணும் வாங்கும் அளவுக்கு அது மலிந்திருந்தது என்பதற்கு அந்த அறிவிப்பே சாட்சி.

என் பாட்டிக்கு 31 வயதில் தாத்தா போனார். அதன்பின் வெள்ளை. அவளுக்கு இளஊதா எந்த மாதமும் வரவில்லை.

மே 24, இரவு 9.20

கால்சட்டையை விட்டுவிட்டு முடிக்க முடியாது.

1842-இல் சட்டம் போட்டுப் பெண்களைச் சுரங்கத்துக்குள் இறங்க விடாமல் தடுத்தார்கள். மேலே நிலக்கரியைச் சலித்துப் பிரிக்கும் வேலை தொடர்ந்தது. விகன் ஊரில் அந்தப் பெண்கள் கால்சட்டைதான் போட்டார்கள், மேலே சுருட்டிவிட்ட குட்டைப் பாவாடை. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த வேலையையும் தடைசெய்யப் பார்த்தபோது, 1887-இல் அவர்கள் லண்டனுக்கே போய் அமைச்சரிடம் வாதாடினார்கள். வேலை பிழைத்தது.

மேல்தட்டில் 1881-இல் லேடி ஹார்பர்ட்டனும் தோழியரும் அறிவுக்கேற்ற உடைச் சங்கம் தொடங்கினார்கள். உள்ளாடை மொத்தம் ஏழு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள், ஏறக்குறைய மூன்று கிலோ. அதற்கு மேலும் சுமந்தார்கள் என்று இதிலிருந்தே தெரிகிறது. பேச்சுக்குக் கிடைக்காத வேகம் சைக்கிளால் கிடைத்தது. 1885-இல் ஸ்டார்லியின் ரோவர், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம். 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர். நீளப் பாவாடை சங்கிலியில் மாட்டும். 1893-இல் டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் முழங்கால் வரை வரும் கால்சட்டையில் பிரைட்டனிலிருந்து லண்டன் போய்த் திரும்பினாள், எட்டரை மணி நேரத்தில். நாடே பேசியது.

1898 அக்டோபரில் லேடி ஹார்பர்ட்டன் அதே மாதிரி உடையில் சரே மாவட்டத்தில் ஒரு விடுதிக்குப் போனார். இந்த உடையோடு காபி அறைக்குள் விட மாட்டேன், மதுக்கடைப் பக்கத்து அறையில் சாப்பிடுங்கள் என்றார் விடுதிக்காரி. வழக்கு நடந்தது. 1899-இல் விடுதிக்காரி பக்கம் தீர்ப்பு. விகன் பெண்கள் அதற்குள் எத்தனையோ வருடமாகக் கால்சட்டையில் நிலக்கரி சலித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காபி அறைக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

ஜூன் 2, மாலை 4.40

கேள்வி கேட்ட தம்பி, "இப்போது என் கருத்து பாதி மாறிவிட்டது அக்கா" என்று எழுதியிருக்கிறார். என் கருத்தும்தான். மே 4-ஆம் தேதி வசதி என்று எழுதினேன். மே 9-ஆம் தேதி அதை எழுதியிருக்க மாட்டேன்.

அதே கல்லூரியில் அடுத்த மாதம் மறுபடி நாடகம். பழைய கூண்டுகளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். இரண்டு வளையம் நெளிந்திருக்கிறது, மாற்ற வேண்டும். இந்தத் தடவை ஒவ்வொரு பாவாடைக்கும் வலது பக்கத் தையலில் முழங்கை ஆழத்துக்குப் பாக்கெட். விளக்கை விழா முடிந்ததும் மேடையை விட்டே இறக்க ஒத்துக்கொண்டார்கள். கூடத் தைக்க இரண்டு பெண்கள் வருகிறார்கள். இரவு எட்டு மணிக்கு மெஷினை மூடிவிடுவோம் என்று கல்லூரியில் முதலிலேயே சொல்லி, நாள் கூடுதலாக வாங்கியிருக்கிறேன்.